தவணை முடியும்வரை தாங்குமா?

எங்கள் ஊர் சுங்குவார்சத்திரம். சென்னையிலிருந்து பெங்களூர் போகிற பெரிய ரோட்டில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் வரும். நான் கல்யாணமாகி வந்த புதிதில், இந்தப் பக்கம் வெளியூர்க்காரர் யாராவது வந்தால், ராமானுஜர் அவதரித்த ஊர் என்று ஆதிகேசவப் பெருமாளைச் சேவிக்க வந்தவராக இருப்பார். இப்போது விடியற்காலை ஐந்து மணிக்கே கம்பெனி பஸ்கள் வரிசை கட்டிவிடுகின்றன. இங்கிருந்து வல்லம் வடகால், ஒரகடம் வரை கார், டயர், மோட்டார் சைக்கிள், ஃபிரிட்ஜ், டி.வி., செல்போன் என்று தயாராகாத சாமான் இல்லை.

எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறை கட்டி 2010 முதல் வாடகைக்கு விட்டிருக்கிறோம். கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள்தான் குடியிருக்கிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, செய்யாறு பக்கத்துப் பெண்கள். நாள் முழுக்க மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொண்டு வேலை செய்வார்களாம். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் விரல் வழியாகப் பாய்ந்தால் போனுக்குள் இருக்கும் சில்லு செத்துப் போகுமாம், அதற்காக.

"போன் செய்கிற ஊரிலேயே இருக்கிறாய், எந்தப் போன் வாங்கலாம், சொல்லேன்" என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். நெல் விளைகிற ஊரில் இருந்தால் மட்டும் எந்தக் கடையில் அரிசி மலிவு என்று தெரிந்துவிடுமா? ஆனால் இத்தனை வருஷம் இந்தப் பெண்கள் வாங்கியதையும், விற்றதையும், தவணை கட்டித் தவித்ததையும் கூட இருந்து பார்த்ததில் எனக்கென்று ஒரு கணக்கு உண்டாகிவிட்டது. ஒரு சாமானின் விலை கடைச் சீட்டில் இருப்பது அல்ல. அது எத்தனை மாதம் உழைக்கிறது என்று வகுத்துப் பார்த்தால் வருவதுதான் அதன் விலை.

என் மாமியாரிடம் பொத்தான் வைத்த நோக்கியா போன் ஒன்று இருக்கிறது. 2009-ல் பொங்கல் சமயத்தில் 1,500 ரூபாய்க்கு எங்க வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தது. மூன்று தடவை பேட்டரி மாற்றியதில் ஒரு 900 ரூபாய். ஆக 2,400. பதினாறு வருஷத்துக்கு வகுத்தால் மாதம் பன்னிரண்டரை ரூபாய்! கிணற்றடிக் கல்லில் விழுந்திருக்கிறது, இட்லி மாவில் விழுந்திருக்கிறது. துடைத்து, வெயிலில் காய வைத்து, "அலோ" என்று ஆரம்பித்துவிடுவார்.

அந்தக் காலத்து எளிய போன்களை நம்மைப் போன்றவர்களை மனதில் வைத்தே செய்தார்கள். 2003-ல் வந்த நோக்கியா 1100 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தூசி புகாத ரப்பர் பொத்தான், கை வியர்த்தாலும் வழுக்காத பக்கங்கள், மின்சாரம் போனால் டார்ச் விளக்கு. உலகம் முழுவதும் சுமார் 25 கோடி விற்றதாம். பேட்டரி போனால் பின்மூடியை நகத்தால் நெம்பி நாமே மாற்றிக்கொள்ளலாம்.

அந்தக் கம்பெனியின் ஆலை எங்கள் ஸ்ரீபெரும்புதூரில்தான் இருந்தது. 2005-ல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டு, 2006 ஜனவரியில் உற்பத்தியை ஆரம்பித்தார்கள். நன்றாக ஓடிய நாளில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். அக்கம்பக்கத்தில் சார்ஜர், மூடி, உதிரி பாகம் செய்கிற கம்பெனிகளிலும் ஆயிரக்கணக்கில் வேலை. எங்கள் ஊர்ப்பக்கம் பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு கம்பெனிக்குப் போகுதா?" என்று ஆவலாகக் கேட்ட காலம் அது.

பிறகு நடந்தது பேப்பரில் எல்லாரும் படித்ததுதான். தொடுதிரை போன்கள் வந்து பொத்தான் போன்களின் மவுசு குறைந்தது. 2013-ல் வருமான வரி விவகாரம் வந்து ஆலையின் சொத்துக்கள் முடக்கப்பட்டன. அதே வருஷம் செப்டம்பரில் நோக்கியாவின் போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்ட் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. 2014 ஏப்ரலில் வியாபாரம் கைமாறியபோது, வழக்கில் சிக்கிய எங்கள் ஊர் ஆலை அதில் சேரவில்லை. ஆயிரக்கணக்கான பேர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனார்கள். இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு! 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. ஆரம்பித்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் எட்டு வருஷம் பத்து மாதம். மாமியாரின் போனுக்கு ஆயுசு அதைவிட அதிகம். போன் இன்னும் பேசுகிறது, ஆலை மூடிப் பதினொரு வருஷம் ஆகிவிட்டது.

அந்த ஆலையைப் பிற்பாடு 2019-ல் சால்காம்ப் என்கிற பின்லாந்து சார்ஜர் கம்பெனி எடுத்துக்கொண்டது. அதையும் சொல்லத்தானே வேண்டும், ஊரே பாழாகிவிடவில்லை. இப்போது எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோனே பூட்டுகிறார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கு அரசு ஒரு பெரிய விடுதியே திறந்திருக்கிறது. ஒரு கிராமத்துக்கு மேல் ஜனம்!

ஆனால் 2014-ல் பட்டவர்களை நான் மறக்க முடியாது. அந்த வருஷம் எங்கள் மாடியில் இருந்த ஒரு பெண், உதிரி பாகம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். அவர்களுக்கு ஆர்டர் நின்றதும் ஒரு சனிக்கிழமை "திங்கள்கிழமை வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு ஐந்து மாதம் முன்னால்தான் அவள் ஊரில் இருக்கும் அம்மாவுக்காகத் தவணையில் ஒரு டி.வி. எடுத்திருந்தாள். இன்னும் ஏழு தவணை பாக்கி. டி.வி. நன்றாகத்தான் இருந்தது, ஒரு கீறல் இல்லை. வேலைதான் இல்லை. பாதி விலைக்கு அதை விற்று, காதில் கிடந்த தோட்டையும் அடகு வைத்து, தவணையை அடைத்துவிட்டு ஊருக்குப் போனாள். தோடு மீண்டதா என்று தெரியாது.

அதிலிருந்து மாடிப் பெண்கள் யாராவது தவணையில் வாங்கப் போகிறேன் என்றால் நான் சும்மா இருப்பதில்லை. "வாடகை வாங்கினோமா, போனோமான்னு இருக்க மாட்டியா?" என்பார் எங்க வீட்டுக்காரர். போகட்டும்.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் ஒருத்தி வந்தாள். 23 வயசு, வந்தவாசிப் பக்கம். கைக்கு வருவது மாதம் 15,000. அதில் ஊருக்கு 7,000 அனுப்பிவிடுவாள்.

"அக்கா, போன் எடுக்கப் போறேன். வட்டியே இல்லையாம். மாசம் 2,500, பன்னெண்டு மாசம்" என்றாள்.

"ரொக்கம் கொடுத்தா எவ்வளவாம்?"

"அதைக் கேக்கலையே அக்கா."

மறுநாள் கேட்டுக்கொண்டு வந்தாள். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய் தள்ளுபடி, 28,000-க்கே கொடுப்பார்களாம். தவணையென்றால் பன்னிரண்டு இரண்டாயிரத்து ஐந்நூறு 30,000. அதோடு 'பரிசீலனைக் கட்டணம்' 500, அதற்கு வரி 90. ஆக 30,590. 28,000 ரூபாய் சாமானுக்கு 2,590 ரூபாய் அதிகம்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு, சீட்டுப் பிடிக்கும் பெண்களுக்குச் சட்டென்று புரியும். மாதாமாதம் அடைத்துக்கொண்டே வருவதால், 28,000 ரூபாயும் வருஷம் முழுவதும் நம் கையில் இருப்பதில்லை. சராசரியாகப் பார்த்தால் ஒரு 15,000 ரூபாய்தான் ஒரு வருஷம் நம்மிடம் கடனாக நின்றிருக்கும். அதற்கு 2,590 கொடுத்தால் நூற்றுக்கு 17 ரூபாய்க்கு மேல் வட்டி. பேங்கில் நகையை வைத்தால்கூட இதைவிடக் குறைவு. 'வட்டியில்லாத் தவணை' என்று ஒன்று உண்மையில் கிடையாது, வட்டியைக் கட்டணத்துக்குள் மறைத்துவிடுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் பேங்குகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. பன்னிரண்டு வருஷம் ஆகியும் போர்டில் என்னவோ பூஜ்யம் பெரிதாகத்தான் எழுதியிருக்கிறது.

அடுத்துக் கேட்டேன்: "தவணை பன்னெண்டு மாசம். உன் ஒப்பந்தம் எத்தனை மாசம்மா?"

"ஆறு மாசம் இருக்கு. புதுப்பிப்பாங்க அக்கா."

புதுப்பிக்கலாம். புதுப்பிக்காமலும் போகலாம். சாமான் தாங்குமா என்று மட்டும் பார்த்தால் போதாது. நம் சம்பளம் தவணை முடியும்வரை தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

அதற்காகப் போனே வேண்டாம் என்று சொல்கிற கட்சி இல்லை நான். அவளிடம் இருந்த பழைய போனில் பேங்க் ஆப் திறக்கவே இல்லை. 'இந்தப் போனில் இது வேலை செய்யாது' என்று வருகிறது. திரையில் ஒரு கீறல் கிடையாது, பேச்சு நன்றாகக் கேட்கிறது, ஆனாலும் போன் பாதி செத்துவிட்டது. நம் அம்மாக்கள் காலத்தில் இப்படி ஒரு சாவு கிடையாது. எங்கள் அப்பா வாங்கிய சாலிடேர் கறுப்பு வெள்ளை டி.வி. மக்கர் பண்ணினால் ரிப்பேர்க்காரர் பெட்டியோடு வருவார். பின்பக்கம் திறந்து, எதையோ சுட்டு ஒட்டி, காப்பி குடித்துவிட்டுப் போவார். டி.வி. மறுபடி பாடும். படம் தெரிந்தால் டி.வி. உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

இன்றைய போனுக்கு ஆயுள் மூன்று. முதலாவது உடம்பின் ஆயுள். கண்ணாடியும் மூடியும் கீழே விழாதவரை பல வருஷம் வரும். இரண்டாவது பேட்டரியின் ஆயுள். லித்தியம் பேட்டரியைச் சுமார் 500 தடவை முழுதாக ஏற்றி இறக்கினால், புதிதில் இருந்த சக்தியில் ஐந்தில் நாலு பங்குதான் மிஞ்சும் என்பது பொதுவான கணக்கு. தினமும் சார்ஜ் போட்டால் இரண்டு வருஷத்துக்குள் வந்துவிடும். நம் ஊர் வெயிலும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். சூடுதான் பேட்டரிக்கு முதல் எதிரி. தலையணைக்கு அடியிலும் அடுப்பு மேடையிலும் சார்ஜ் போடாதீர்கள் என்று சொல்வது பயமுறுத்த மட்டும் அல்ல, காசு மிச்சம் பண்ணவும்தான்.

மூன்றாவது கண்ணுக்குத் தெரியாத ஆயுள். இதை என் மகன் சொல்லித்தான் புரிந்துகொண்டேன். நம் வீட்டுப் பூட்டை இன்ன விதமாக நெம்பினால் திறக்கும் என்று திருடன் ஒருத்தன் கண்டுபிடித்தால், பூட்டுக் கம்பெனிக்காரனே வந்து அந்த ஓட்டையை அடைத்துவிட்டுப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனுக்கு அடிக்கடி 'அப்டேட்' வருகிறதே, அது இதுதான். சில வருஷம் கழித்து அந்த மாடலுக்கு இனி வர மாட்டேன் என்று நிறுத்திவிடுவான். பூட்டு அதே பூட்டுதான், பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் புது ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. அதனால்தான் பேங்குகள் பழைய போனை நம்புவதில்லை. வாட்ஸ்அப்பும் 2025 ஜனவரி முதல் கிட்கேட் என்கிற பழைய ஆண்ட்ராய்டில் ஓடுவதை நிறுத்திவிட்டது.

இந்த மூன்றாவது ஆயுளைக் கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார். காமிரா எத்தனை மெகாபிக்சல் என்று மூச்சு விடாமல் சொல்வார். நாம்தான் கேட்க வேண்டும்: "இதுக்கு செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருஷம் வரும்? மாடல் எப்போ வந்தது?" இரண்டாவது கேள்வி முக்கியம். பல கம்பெனிகள் இந்த வருஷக் கணக்கை நாம் வாங்கிய நாளிலிருந்து ஆரம்பிப்பதில்லை, மாடல் வெளியான நாளிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நாலு வருஷம் என்று சொன்ன மாடலை இரண்டு வருஷம் கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் பாக்கி ஆயுள் இரண்டே வருஷம். ஆடித் தள்ளுபடியின் ரகசியம் பாதி இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சில கம்பெனிகள் இப்போது தாராளமாகத்தான் வாக்குக் கொடுக்கின்றன. கூகுள் 2023-ல் வந்த பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-ல் வந்த எஸ்24-க்கும் ஏழு வருஷம் என்று அறிவித்தன. அது பணக்காரப் போன். ஆனால் 2024 கடைசியில் 19,000 ரூபாய்க்குள் வந்த சாம்சங் ஏ16 மாடலுக்கே ஆறு வருஷம் என்றார்கள். நடுத்தர விலையிலும் ஆயுள் கிடைக்கிறது என்பதற்காகச் சொன்னேன், நான் யாருக்கும் விளம்பரம் செய்யவில்லை.

ஒரு விஷயம் என் மனதை உறுத்துகிறது. ஐரோப்பிய நாடுகளில் 2025 ஜூன் 20 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் போன் மாடலின் பேட்டரி 800 தடவை சார்ஜ் ஏற்றிய பிறகும் 80 சதவீதம் சக்தியோடு இருக்க வேண்டும். அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருஷத்துக்கு அப்டேட் தர வேண்டும். உதிரி பாகங்கள் ஏழு வருஷத்துக்குக் கிடைக்க வேண்டும். எங்கள் ஊரில் பூட்டிய போன்கள் எத்தனையோ வெளிநாட்டுக்குக் கப்பலேறுகின்றன. பூட்டியது நம் பெண்ணின் கை. ஆனால் வாங்குகிறவள் ஐரோப்பாவில் இருந்தால் அவளுக்குச் சட்டப்படி வாக்குறுதி, நமக்குக் கம்பெனி மனசு வைத்தால் உண்டு. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் ஆரம்பித்திருக்கிறது. எந்தச் சாமானைச் சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்று மதிப்பெண் போடுகிற யோசனையும் இருக்கிறது. ஃபிரிட்ஜில் மின்சாரச் சிக்கனத்துக்கு நட்சத்திரம் ஒட்டுவதைப் போல இதற்கும் ஒட்டினால் நம்மைப் போன்றவர்களுக்கு எவ்வளவு சௌகரியம்!

மாடிப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். அவள் ஆசைப்பட்ட போன் முந்தின வருஷ மாடல், பாக்கி ஆயுள் மூன்று வருஷம். தவணையில் 30,590 ரூபாய். 36 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 850. அவளுடைய தோழி சொன்ன மலிவுப் போன் 9,000 ரூபாய், ஆனால் அப்டேட் இரண்டே வருஷம். மாதம் 375. மூன்றாவதாக ஒன்று 18,000 ரூபாய், ஐந்து வருஷம் பாக்கி. நடுவில் ஒரு தடவை பேட்டரி மாற்ற 1,800 சேர்த்தாலும் மாதம் 330. மலிவு என்று நினைத்ததைவிட இது மலிவு! காலண்டர் அட்டையின் பின்னால் நான் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"கையில அவ்வளவு பணம் இல்லையே அக்கா" என்றாள் கடைசியில்.

அது நியாயமான பேச்சு. தவணை இருப்பதே கையில் பணம் இல்லாதவர்களுக்காகத்தானே. பழைய போனுக்கு 1,200 ரூபாயில் ஒரு பேட்டரி போட்டு, பேங்க் வேலைக்கு மட்டும் அறைத் தோழியோடு ஏ.டி.எம். போய்க்கொண்டு, நாலு மாதம் தள்ளினாள். எங்கள் தெருச் சீட்டில் மாதம் 2,500 கட்டி, தை மாதச் சீட்டை எடுத்தாள். 18,000 ரூபாய் போனை ரொக்கமாக வாங்கினாள். அடுத்த மாதங்களில் சீட்டுப் பணம் கட்ட வேண்டும்தான். ஆனால் ஒப்பந்தம் நின்று போனால் இரண்டு மாதம் தள்ளிக் கட்டம்மா என்று சொல்ல ஆள் தெருவிலேயே இருக்கிறார்கள். காமிரா சுமார்தான் என்று இன்றைக்கும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும்.

சார்ஜர் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும், குழந்தை இருக்கிற வீட்டில் முக்கியமாக. பஸ் ஸ்டாண்டில் 80 ரூபாய்க்குச் சார்ஜர் தொங்குகிறது. சுவரிலிருந்து வருகிற 230 வோல்ட்டை ஐந்து வோல்ட்டாகக் குறைத்துத் தருவதுதான் அந்தச் சின்னப் பெட்டியின் வேலை. உள்ளே இரண்டு பக்கத்துக்கும் நடுவில் தடுப்பு சரியாக இல்லாவிட்டால், சுவர் மின்சாரம் அப்படியே போனுக்கு வரும். அந்த ஒயரின் முனையைத்தான் தவழ்கிற குழந்தை வாயில் வைக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்யாமல் சார்ஜர், போன் பேட்டரி, பவர் பேங்க் எதையும் இங்கே விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பதிவு செய்த சார்ஜரில் அந்த முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் ஆரம்பிக்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கும். முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். 'பி.ஐ.எஸ். கேர்' என்று அந்த அமைவனமே ஒரு ஆப் வைத்திருக்கிறது. எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று காட்டும். எண்ணே இல்லாத சார்ஜரை எங்கள் வீட்டில் சேர்ப்பதில்லை.

நல்ல கம்பெனிச் சாமானிலும் கோளாறு வராமல் இல்லை. 2007 ஆகஸ்டில் நோக்கியாவே, பி.எல்.5சி என்கிற பேட்டரியில் ஒரு பகுதி சார்ஜ் ஏறும்போது சூடாகிறது, மாற்றித் தருகிறோம் என்று அறிவித்தது. 2005 டிசம்பரிலிருந்து 2006 நவம்பர் வரை மட்சுஷிடா கம்பெனி செய்து கொடுத்தவை அவை, 4 கோடியே 60 லட்சம் பேட்டரி! உலகம் முழுவதும் சுமார் நூறு இடத்தில்தான் சூடேறியிருந்தது, யாருக்கும் பெரிய காயம் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் அன்றைக்கு எல்லார் வீட்டிலும் போன் வேறு, பேட்டரி வேறாகக் கிடந்தது. பேட்டரியில் அச்சடித்த எண்ணைப் பார்த்து, நம்முடையது அதில் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள முடிந்தது. பஸ் ஸ்டாண்டுச் சார்ஜரில் எந்த எண்ணைப் பார்ப்பது, யாரிடம் போய்க் கேட்பது?

பேட்டரி உப்பியிருந்தால், அதாவது போனின் பின்மூடி தூக்கிக்கொண்டிருந்தால், அதற்கு மேல் சார்ஜ் போடவே கூடாது. ஊசியால் குத்தி காற்றை எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தீப்பிடிக்கும், வேண்டவே வேண்டாம்.

பழைய போன் வாங்குகிறவர்களும் எங்கள் பக்கம் அதிகம். அதில் தப்பொன்றும் இல்லை, மேலே சொன்ன பாக்கி ஆயுளைப் பார்த்து வாங்கினால் சரி. ஆனால் திருட்டுப் போனாக இருந்தால் போலீஸ் நம் வாசலுக்கு வரும். போனில் *#06# என்று போட்டால் 15 இலக்க எண் வரும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்தும், ஒரு இடைவெளி விட்டு அந்த எண்ணும் எழுதி 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அந்தப் போனின் ஜாதகம் வந்துவிடும். முடக்கப்பட்டது என்று பதில் வந்தால் பணத்தை எண்ணாமல் திரும்பி வந்துவிடுங்கள். நம் போன் தொலைந்தாலும், போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் இதே எண்ணைக் கொடுத்து முடக்கச் சொல்லலாம். 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுவதும் இந்த வசதி இருக்கிறது. அதனால் அந்த 15 எண்ணை மளிகை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். போன் தொலைந்த பிறகு போனில் பார்க்க முடியாது, பாருங்கள்!

மாமியாரின் பொத்தான் போனில் பேங்க் ஆப் கிடையாது, அதனால் அவர் பத்திரம் என்று நினைத்தால் அதுவும் முழு உண்மை இல்லை. "உங்க ஏ.டி.எம். கார்டு காலாவதி ஆகுது, வந்த நம்பரைச் சொல்லுங்கம்மா" என்று இனிமையாகப் பேசி ஓ.டி.பி. வாங்குகிறவனுக்கு எந்தப் போனாக இருந்தால் என்ன? அவருக்கு நான் ஒன்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்: "அத்தை, யார் நம்பர் கேட்டாலும் மருமகக்கிட்டக் கேளுன்னு என்கிட்டக் குடுத்துடுங்க." பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணம் மேற்கொண்டு கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. சாமான் கோளாறாகி, கடைக்காரர் உத்தரவாதச் சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால் அதற்கு வேறு எண், 1915. இது நுகர்வோர் உதவி மையம். தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, செத்த சாமான்கள். எல்லார் வீட்டிலும் ஒரு இழுப்பறை இருக்கும். பழைய போன் இரண்டு, அறுந்த சார்ஜர் ஐந்தாறு, உப்பின பேட்டரி ஒன்று. சில வீடுகளில் அரசு 2006 முதல் இலவசமாகக் கொடுத்த 14 அங்குலக் கலர் டி.வி. இன்னும் பரணில் இருக்கிறது. பழைய இரும்புக்காரர் அதை உடைத்து உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை எடுத்துக்கொண்டு, கண்ணாடியை ஏரிக்கரையில் போட்டுவிட்டுப் போகிறார். அந்தப் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் கிடக்க வேண்டிய சாமானா அது? 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, தயாரித்த கம்பெனிகள்தான் பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பில் இருக்கின்றன. பெரிய கம்பெனிகளின் சர்வீஸ் சென்டரில் கேட்டால் வாங்கிக்கொள்கிற இடத்தைச் சொல்வார்கள். போனைக் கொடுக்கும் முன் சிம் கார்டு, மெமரி கார்டை எடுத்துவிட்டு, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, செட்டிங்ஸில் எல்லாவற்றையும் அழிக்கிற பொத்தானை அழுத்திவிட வேண்டும். குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோவை மட்டும் முன்னாலேயே வேறு இடத்தில் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உப்பின பேட்டரியை மற்றச் சாமானோடு சேர்க்காமல், முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட மண் சட்டியில் வைத்துக் கொடுத்தனுப்புகிறேன் நான்.